பிராமி: ஒரு பெண்பெயரின் பொருளும் வரலாறும்

பெயரென்பது அழைப்பதற்கு உதவும் ஓசை மட்டுமன்று. அதனைச் சூடிய குழந்தை வாழ்நாள் முழுதும் தன்னோடு கொண்டு செல்லும் முதற்கொடையாகும். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து தொழிலும் கல்வியும் கருதிப் புறப்பட்டுத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களில் குடியமர்ந்த நம் குடும்பங்களில், இன்று பெயர் சூட்டும் முறை பெரிதும் மாறியுள்ளது. பாட்டியின் பெயரைப் பேர்த்திக்கு இடும் வழக்கம் அருகி, கேட்பதற்குப் புதுமையாய் ஒலித்தால் போதும் என்னும் எண்ணம் மிகுந்து வருகின்றது. பொருள் யாதென வினவினால் விடை கூற இயலாத பெயர்களும் பல.

இந்நிலையில், பழமையும் பொருளும் ஒருங்கே வாய்ந்த ஒரு பெயரை இவ்விதழில் ஆராய்ந்து காண்போம். அதுவே ‘பிராமி’ என்பது. இப்பெயரைத் தாங்கிய சிறுமி பள்ளிக்குச் சென்றால் பலவகை வினாக்கள் எழுகின்றன. ‘இது வரலாற்றுப் பாடத்தில் வரும் எழுத்தின் பெயராயிற்றே’ என்பர் சிலர். ‘கூந்தல் எண்ணெயின் பெயரன்றோ’ என்பர் வேறு சிலர். சாதிப் பெயரோவென மயங்குவாரும் உளர். குழந்தை வீடு திரும்பி, ‘எனக்கேன் இப்பெயரை வைத்தீர்கள்?’ என வினவும்போது பெற்றோர் தெளிவாக விடையிறுத்தல் வேண்டும். விடை தெரியாவிடில் நல்ல பெயரும் குழந்தைக்குச் சுமையாகிவிடும்.

பெயரிடுதல் ஒரு கிரியை

ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் வடமொழியில் இயற்றிய ஆதிபுராணம், இல்லறத்தார்க்குரிய கர்ப்பான்வயக் கிரியைகள் ஐம்பத்து மூன்றினை விரித்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று நாமகர்மம். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாட்கள் கழிந்தபின் நல்லதொரு நாளில் இது செய்யப்பெறும். ஜினேந்திரரின் ஆயிரத்தெட்டுத் திருநாமங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து சூட்டலாம் என்றும், பெயர்களை ஏடுகளில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் முறையைக் கைக்கொள்ளலாம் என்றும் அந்நூல் வழிகாட்டுகின்றது.

அதே வரிசையில் பின்னர் வருவது லிபிசங்கியானம். ஐந்தாம் ஆண்டில் குழந்தைக்கு முதன்முதலாக எழுத்தைக் காட்டும் சடங்கு இது. பெயரும் எழுத்தும் இல்லறக் கடமைகளாக ஒரே நிரலில் வைத்து எண்ணப்பட்டன என்பது கருதத்தக்கது. ‘பிராமி’ என்னும் பெயரில் இவ்விரண்டும் ஒன்றாய் இணைகின்றன.

சொல்லின் பிறப்பு

வடமொழியில் ‘ப்ருஹ்’ என்னும் வினையடி வளர்தல், பெருகுதல், உயர்தல் என்னும் பொருள்களைத் தருவது. அதனின்று தோன்றியது ‘பிரம்ம’ என்னும் சொல். அதன் வழிவந்த பெண்பாற் பெயர் ‘ப்ராஹ்மீ’. பிராகிருதத்தில் இது ‘பம்பீ’ என வழங்கும்.

தமிழுக்கு வருங்கால் இச்சொல் மூன்று மாற்றங்களை அடைகின்றது. மொழி முதலில் மெய்ம்மயக்கம் வாராது என்பது தமிழ் மரபு. ஆகவே ‘ப்ரா’ என்பது ‘பிரா’ ஆயிற்று. இடையிலுள்ள ‘ஹ்’ கெட்டது. இறுதியிலுள்ள நெடில் ஈகாரம், ‘நதீ’ என்பது ‘நதி’ ஆனாற்போல, இகரமாய்க் குறுகிற்று. எனவே ‘பிராமி’ என எழுதுதலே தமிழ் வழக்குக்கு இயைந்ததாகும்.

பொருளை நோக்கின் இப்பெயர்க்குப் பல முகங்கள் உண்டு. அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டு, பாரதி, பாஷை, வாணி, சரசுவதி ஆகிய சொற்களோடு ‘ப்ராஹ்மீ’ என்பதனையும் சேர்த்து, மொழி அல்லது வாக்கு என்னும் பொருளில் வைத்துள்ளது. சைவ, சாக்த மரபுகளில் ஏழு தாய்மாருள் ஒருத்திக்குப் பிராமி என்று பெயர். மருத்துவ நூல்களில் நினைவாற்றலுக்கு உதவுவதாகக் கருதப்படும் மூலிகைக்கு இப்பெயர் வழங்குகின்றது. வல்லாரை, நீர்ப்பிரமி ஆகிய இரண்டையுமே இடத்திற்கேற்ப இவ்வாறு அழைப்பர். கூந்தல் எண்ணெய்க்கு இப்பெயர் வந்தது மூலிகையின் வாயிலாகத்தான்.

ஜைன மரபில் இதன் பொருள் வேறொரு வழியில் அமைகின்றது. முதல் தீர்த்தங்கரராகிய விருஷபதேவர், உழவு, வாணிகம், எழுத்து, கைத்தொழில் முதலியவற்றை மக்கட்குக் கற்பித்து உலக ஒழுங்கை வகுத்தமையால் ‘ஆதிபிரமன்’ எனப் போற்றப்பெற்றார். அவர்தம் திருமகள் பிராமி. எழுத்துக்களின் முதலையும் ஆதிபகவனையும் ஒரே குறளில் அமைத்து வள்ளுவர் தம் நூலைத் தொடங்கியதை நம் குழந்தைகள் நன்கறிவர். அவ்வாதிபகவன் விருஷபதேவரே என்பது நம் முன்னோர் கொள்கை. எழுத்தும் ஆதிபகவனும் இணைந்து நிற்கும் அவ்விடத்தில் பிராமியின் வரலாற்றையும் நினைவுகூர்தல் பொருந்தும்.

மகளிர்க்கு முதற்கல்வி

ஆதிபுராணத்தின் வழி நின்று மணிப்பிரவாள நடையில் எழுந்த ஸ்ரீபுராணம் நம் இல்லங்களில் நெடுங்காலமாகப் படிக்கப்பட்டு வருவது. விருஷபதேவர்க்கு யசஸ்வதி, சுநந்தை என இரு தேவியர். யசஸ்வதியிடம் பரதன் முதலிய மைந்தரும் பிராமி என்னும் மகளும் தோன்றினர். சுநந்தையிடம் பாகுபலியும் சுந்தரி என்னும் மகளும் தோன்றினர்.

ஒருநாள் மகளிர் இருவரும் தந்தையை வணங்கி நின்றனர். அவர்களை அன்போடு தம் மடியில் இருத்திய பெருமான், இளமையும் அழகும் நல்லொழுக்கமும் கல்வியால் அணிசெய்யப்பட்டாலன்றோ பயன்பெறும் என்று அறிவுறுத்தினார். கற்ற ஆடவன் அறிஞரால் மதிக்கப்படுவதுபோலக் கற்ற பெண்ணும் பெண்ணுலகில் தலையாய இடத்தைப் பெறுவாள் எனவும் எடுத்துரைத்தார். பின்னர்ப் பொற்பலகை ஒன்றில் சித்தர்க்கு வணக்கம் கூறித் தொடங்கி, ஒரு கையால் அகரம் முதலான எழுத்துக்களையும் மறுகையால் எண்களையும் எழுதிக் காட்டினார். பிராமி எழுத்தையும் சுந்தரி எண்ணையும் சிறப்பாகக் கற்றனர் என்பது மரபு. வலக்கையால் எழுதப்பட்டமையால் எழுத்து இடமிருந்து வலமாகச் செல்கின்றது என்றும், இடக்கையால் எழுதப்பட்டமையால் எண்ணின் தானங்கள் ஒன்று, பத்து, நூறு என வலமிருந்து இடமாக ஏறுகின்றன என்றும் பெரியோர் நயமாக விளக்குவர்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது நூலின் வைப்புமுறை. மகளிர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்த செய்தி முன்னே வருகின்றது. பரதனுக்குப் பொருள்நூல், விருஷபசேனனுக்கு இசைநூல், பாகுபலிக்கு மருத்துவமும் வில்வித்தையும் பிறவும் என மைந்தர்க்குக் கலைகள் கற்பித்த செய்தி அதன்பின்னரே கூறப்படுகின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் எழுந்த நூலில் முதல் மாணவி ஒரு பெண்ணாக அமைந்திருப்பதைச் சிறுசெய்தியாகக் கருதிவிடல் ஆகாது.

ஆர்யிகையரின் தலைவி

பிராமியின் வரலாறு எழுத்தறிவோடு முடிவதில்லை. விருஷபதேவர் கேவலஞானம் எய்தியபின் சமவசரணத்தில் பிராமி தீட்சை பெற்று ஆர்யிகை ஆனார். சுந்தரியும் அவ்வழியே சென்றார். பெண்பாற் துறவியரின் சங்கத்துக்குப் பிராமியே தலைவியாய் விளங்கினார். அச்சங்கத்தில் மூன்று இலட்சத்து ஐம்பதினாயிரம் ஆர்யிகையர் இருந்தனர் என்பது திகம்பர நூல்களின் கணக்கு.

பாகுபலி தவத்தில் நின்றபோது பிராமியும் சுந்தரியும் சென்று, யானையினின்று இறங்குக என்று கூறி அவருள் எஞ்சியிருந்த செருக்கை உணர்த்தினர் என்னும் கதை சுவேதாம்பர மரபில் பெரிதும் வழங்குவது. ஆதிபுராணமோ பரதன் வந்து வணங்கியதனால் பாகுபலியின் மனக்கலக்கம் நீங்கிற்று என்று கூறும். இரண்டனையும் கேட்கும் இளைஞர் குழப்பமடையாதிருத்தற்கு இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

எழுத்துக்கு இப்பெயர் வந்த வகை

இனி எழுத்தின் பெயரைப் பார்ப்போம். சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றாகிய சமவாயாங்கம் பதினெட்டு வகை எழுத்துக்களை எண்ணுமிடத்து ‘பம்பீ’ என்பதனை முதலில் வைக்கின்றது. அப்பட்டியலிலேயே ‘தாமிலீ’ என ஓர் எழுத்தும் கூறப்படுகின்றது. அது தமிழெழுத்தைக் குறிப்பதென அறிஞர் கொள்வர். பகவதி சூத்திரத்தின் தொடக்கத்தில் பிராமி லிபிக்கே வணக்கம் கூறப்பட்டுள்ளது. பௌத்த நூலாகிய லலிதவிஸ்தரமும் அறுபத்து நான்கு எழுத்துக்களை அடுக்கும்போது பிராமியை முதலாவதாக வைக்கின்றது.

அசோகரின் கல்வெட்டுக்களைப் படிக்கும் வழியை ஜேம்ஸ் பிரின்செப் என்பார் 1837-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அக்காலத்தில் அவ்வெழுத்துக்குப் பிராமி என்னும் பெயர் வழங்கவில்லை. அசோகர் எழுத்து என்றும் தூண் எழுத்து என்றும் பலவாறு குறித்தனர். 1880-களில் தெரியன் தெ லாகுபெரி என்னும் அறிஞர், மேற்கூறிய பழம்பட்டியல்களோடு ஒப்பிட்டு, இடமிருந்து வலமாகச் செல்லும் இவ்வெழுத்தே பிராமியாதல் வேண்டும் என்று கருதினார். பூலர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அப்பெயரை ஏற்று வழங்கவே, அஃது உலகெங்கும் நிலைத்தது.

தமிழகக் குன்றுகளில்

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றின் எழுத்துக்களை இராபர்ட் சீவெல் 1882-இல் கண்டார். குகைகளில் காணப்படும் இத்தகைய எழுத்துக்களின் மொழி தமிழே என்பதனைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் அவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்ந்து 2003-இல் பெருநூலொன்றை வெளியிட்டார். மாங்குளக் கல்வெட்டு பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரையும், கணிநந்தன் என்னும் துறவியின் பெயரையும் தாங்கி நிற்கின்றது. ழ, ள, ற, ன என்னும் தமிழொலிகட்குரிய வடிவங்கள் இவ்வெழுத்தில் இடம்பெற்றமையால் இதனைத் தமிழ்ப் பிராமி என்றும், தமிழி என்றும் வழங்குகின்றோம்.

நம் ஊர்ப்பக்கத்திலும் இவ்வெழுத்து உண்டு. திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் 1981-இல் கண்டுபிடிக்கப்பெற்ற கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி கற்படுக்கையைக் கொடையளித்த செய்தியைத் தருகின்றது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் வழியிலுள்ள மாமண்டூரிலும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு காணப்படுகின்றது. தாம்பரத்திலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவிலேயே மாமண்டூர் உள்ளது. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் குழந்தைகளை அங்கு அழைத்துச் சென்று காட்டலாம்.

புராணமும் வரலாறும்

‘அவ்வாறாயின், பிராமிதேவி கற்ற எழுத்தையே அசோகர் கல்லில் பொறித்தார் எனக் கொள்ளலாமா?’ என்று ஆர்வமுடைய அன்பர் கேட்கலாம். இங்கு நாம் கவனமாக நடத்தல் வேண்டும்.

விருஷபதேவரின் காலம் வரலாற்றாசிரியரின் ஆண்டுக்கணக்கில் அடங்குவதன்று. கல்லிலுள்ள எழுத்துக்குப் பிராமி என்னும் பெயரை உறுதிசெய்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர். ஆதலின் கல்வெட்டைக் காட்டிப் புராணத்தை மெய்ப்பிக்க முற்படுதல் தருக்கமாகாது. கல்வெட்டைக் காட்டிப் புராணத்தைப் பொய்யெனல் அதனினும் பொருந்தாது. இவ்வெழுத்து எப்போது தோன்றிற்று, தமிழகத்திற்கு எவர் கொணர்ந்தனர் என்பனவும் இன்றளவும் ஆராயப்பட்டு வருகின்றன. சமணத் துறவியர் வாயிலாக இங்குப் பரவிற்று என்பது மகாதேவன் கொள்கை. கொடுமணல், பொருந்தல், கீழடி ஆகிய இடங்களில் கிடைத்த பானையோட்டு எழுத்துக்களைக் கொண்டு காலத்தை இன்னும் முன்னே தள்ளுவோரும், வாணிகத்தையே காரணமாகக் கூறுவோரும் உளர்.

அங்ஙனமாயின் குழந்தைக்கு யாது கூறுவது? ‘எழுத்தின் பெயரை உனக்கு இட்டோமல்லோம். தந்தையிடம் முதன்முதலாக எழுத்தைக் கற்ற ஒரு பெண்ணின் பெயர் உன்னுடையது. அப்பெண்ணை நினைந்தே முன்னோர் எழுத்துக்கும் அப்பெயரை வழங்கினர் என்று நம் நூல்கள் கூறுகின்றன. குகைகளிலுள்ள எழுத்துக்கு அப்பெயரைப் பொருத்தியவர்கள் பிற்கால அறிஞர்கள்’ என்று கூறலாம். இந்நான்கு வாக்கியங்களிலும் மிகையில்லை. வகுப்பில் எவர் வினவினும் குழந்தை தலைநிமிர்ந்து உரைக்கலாம். பொருந்தாப் பெருமையைக் கற்பித்து அனுப்பினால், அதனை ஒருவர் மறுக்குங்கால் குழந்தை நாணி நிற்கும். நாளடைவில் மெய்யான பெருமையையும் அது ஐயுறத் தொடங்கும்.

குரத்தியர் என்னும் சான்று

மெய்யான பெருமைக்குக் கல்லிலேயே சான்று உண்டு. குரவர் என்பதற்குப் பெண்பால் குரத்தி. ஆசிரியை என்பது பொருள். இடையின ரகரத்தை வல்லின றகரமாக எழுதிவிட்டால் குறிஞ்சிநில மகளாகிய குறத்தியாகிவிடும். எழுதும்போது கருத்துடன் இருத்தல் வேண்டும்.

கழுகுமலையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுக்களில் திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் முதலியோர் குறிக்கப்படுகின்றனர். குமரி மாவட்டத்துச் சிதறாலில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் பகவதிக்குப் பொன் அணிகலன் வழங்கினார்.

வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் கல்வெட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாகக் கருதப்படும் அது, குணகீர்த்தி பட்டாரர் வழிவந்த கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் ஊரார் காத்து உணவளிப்பதாக உறுதிகூறியதைத் தெரிவிக்கின்றது. அவ்வூரில் ஐந்நூறு மாணாக்கியரைக் கொண்டதொரு கூட்டம் இருந்தது என்று ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். நம்மில் பலருடைய பூட்டன், பூட்டியர் பிறந்த ஊர்களின் நடுவே பெண்பாற் கல்விநிலையம் ஒன்று விளங்கிற்று என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஜினசேனர் பிராமியின் கல்வியைப் பாடிய அதே நூற்றாண்டில் இங்கே குரத்தியர் கற்பித்துக்கொண்டிருந்தனர்.

குரத்தியரின் பெயர்களைத் தாங்கும் வட்டெழுத்து, தமிழ்ப் பிராமியினின்று வளர்ந்த வடிவமாகும். சிலப்பதிகாரத்தின் கவுந்தியடிகளையும் இவ்வரிசையில் எண்ணலாம்.

இம்மரபு இடையில் மெலிந்ததும் உண்மையே. பின்னைய நூற்றாண்டுகளில் நம் மகளிருள் பலர் ஸ்ரீபுராணத்தைப் பிறர் படிக்கக் கேட்டறிந்தனரேயன்றித் தாமே படிக்கும் வாய்ப்பைப் பெற்றிலர். பெண்பள்ளிகள் பெருகியபின் நிலை மாறிற்று. 2001-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்திய ஜைனப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர்க்கு மேல் எழுத்தறிவு பெற்றிருந்தனர். எனினும் எழுத்தறிவு வேறு, தொடர்ந்து கற்க விடுதல் வேறு. உயர்கல்வியில் விருப்பமுடைய மகளைத் திருமணத்தைக் காட்டி நிறுத்தும் இல்லங்கள் இன்றும் உள. மகளுக்குப் பிராமி எனப் பெயரிட்டுப் படிப்பை இடையில் நிறுத்துதல் அப்பெயர்க்கே முரணாகும்.

பெயரிடுவோர்க்குச் சில குறிப்புகள்

சுந்தரி என்னும் பெயர் தமிழகமெங்கும் வழங்கக் காண்கின்றோம். பிராமி என்பது அருகியே வழங்குகின்றது. சாதிப்பெயரோ என்னும் மயக்கத்தை அஞ்சுவோர் பிராமிதேவி, பிராமிகா, பிராமிசுந்தரி என விரித்து வழங்கலாம். ஆங்கிலத்தில் எழுதுங்கால் ‘எச்’ என்னும் எழுத்தை இடையில் சேர்ப்பதோ விடுப்பதோ அவரவர் விருப்பம். ஆயினும் பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவு, ஆதார் அட்டை ஆகிய அனைத்திலும் ஒரே வகையாக அமைதல் வேண்டும்.

பிறப்பைப் பதியுங்கால் பெயர் முடிவாகவில்லையெனில், பதிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் பதினைந்து ஆண்டுகள் வரை சேர்க்கலாம். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானபின் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் பகுதியினர்க்கும் அம்மாநகராட்சியே பதிவு அலுவலகமாக உள்ளது.

பெயர் சூட்டும் நாளன்று உறவினர் கூடியிருக்கையில், பிராமி கல்வி பெற்ற பகுதியை ஸ்ரீபுராணத்திலிருந்து குடும்பத்துப் பெண்மணி ஒருவர் படிக்கச் செய்தல் மிகப் பொருத்தமாகும். ஐந்தாம் ஆண்டில் எழுத்தறிவிக்கும்போது அதே பகுதியைக் குழந்தையின் முன் மீண்டும் படித்தால், பெயரின் பொருள் அதன் உள்ளத்தில் தானே பதியும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. ‘ப்ராஹ்மீ’ என்னும் சொல் தமிழில் ‘பிராமி’ ஆகுங்கால் நிகழும் மூன்று மாற்றங்கள் யாவை?

2. விருஷபதேவர் மகளிர் இருவர்க்கும் கற்பித்தவை யாவை? மைந்தர்க்குக் கற்பித்த செய்தி நூலில் எங்கு வருகின்றது?

3. அசோகர் கால எழுத்துக்குப் பிராமி என்னும் பெயர் எக்காலத்தில், எதனைக் கொண்டு இடப்பட்டது?

4. குரத்தி, குறத்தி: வேறுபாடு யாது? வேடல் கல்வெட்டு கூறும் குரத்தியார் யார்?

5. உங்கள் பாட்டி, பூட்டியரின் பெயர்களை எழுதி, அவற்றின் பொருளை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுக் குறித்து வைக்க.